கோத்தகிரிக்கு அரை நாள் போதுமா?

2025 செப்டம்பர் 6: திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி

ஊட்டியில் இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்கும்போது கோத்தகிரி வழியாக வர எண்ணியிருக்கிறோம். கேத்தரின் நீர்வீழ்ச்சி, கொடநாடு காட்சிமுனை, லாங்வுட் சோலை ஆகிய மூன்றைத் தவிர அங்கே பார்க்க எதுவும் இல்லை என்று அலுவலக நண்பர் சொல்கிறார். பிற்பகல் இரண்டு மணிக்குக் கோத்தகிரியை அடைந்தால் மூன்றையும் முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் சேர்ந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அரை நாள் போதுமா?

2025 செப்டம்பர் 6, இரவு

போதாது. நண்பரின் கணக்கில் தூரம் இருக்கிறது, வானிலை இல்லை.

தூரத்தை எடுத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. கொடநாடு காட்சிமுனை கோத்தகிரியிலிருந்து கிழக்கே சுமார் 18 கி.மீ.; போன வழியேதான் திரும்பி வர வேண்டும். கேத்தரின் அருவியோ மேட்டுப்பாளையம் சாலையில் அரவேனு வரை இறங்கி, அங்கிருந்து பிரிந்து செல்லும் கிளைச் சாலையில் இருக்கிறது. லாங்வுட் சோலை நகரை ஒட்டியே இருந்தாலும் அது நினைத்தவுடன் நுழையக்கூடிய பூங்கா அன்று. வனத்துறையின் அனுமதி வேண்டும். மூன்றும் மூன்று திசைகளில் கிடக்கின்றன.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல், பிற்பகல் இரண்டு மணி. அந்த நேரத்தில் கொடநாட்டில் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது வெள்ளை மூடுபனியும், அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஏமாந்த குடும்பங்களும்தான்.

2025 செப்டம்பர் 7

நண்பரின் கணக்கில் வானிலை இல்லை என்று மேலே எழுதியதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். அரவேனுப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பச்சைத் தேயிலை வரத்து முழுவதும் மழையையும் பனியையும் பொறுத்தது என்பதால், எங்கள் அலுவலகத்தில் நாள்காட்டியைவிட வானத்தைத்தான் அதிகம் பார்ப்போம்.

நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று எண்ணுவதே பயணத் திட்டங்களில் நேரும் முதல் கோளாறு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஏறிவரும்போது கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளில்தான் தன் சுமையை இறக்குகிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவையும் அதன் தொடரையும் கடந்து கோத்தகிரிக்கு வந்து சேரும்போது அதனிடம் பெரிதாக எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றோ சமவெளியைத் தாண்டி வந்து நேராக இந்தக் கிழக்குச் சரிவில்தான் மோதுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. 2009 நவம்பரில் அதே அளவு மழை தொட்டபெட்டாவுக்கு இப்பால் இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் கொட்டி, மாவட்டத்தின் இந்தப் பாதி முழுவதும் மண் சரிந்து பலர் உயிரிழந்தனர். இரண்டு இடங்களுக்கும் நேர்க்கோட்டில் பெரிய தூரமில்லை. ஆனால் மழைக்காலம் முற்றிலும் வேறு.

ஆகவே "நீலகிரிக்கு எந்த மாதம் போகலாம்?" என்று யாராவது கேட்டால், எந்தப் பக்கத்து நீலகிரி என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கம்.

2025 செப்டம்பர் 9

"ஜூலையில் சென்றேன், கேத்தரின் அருவியில் நீரே இல்லை, விளம்பரத்தில் ஏமாற்றுகிறார்கள்" என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார். யாரும் ஏமாற்றவில்லை. மேலே உள்ள குறிப்பை அவர் படிக்க வேண்டும். இந்த அருவிக்கு நல்ல காலம் அக்டோபர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முடிய. ஜனவரியிலும் ஓரளவு நீர் இருக்கும். கோடையில் பாறையின்மேல் ஒரு வெள்ளிக்கோடு தெரிந்தால் அதுவே மிகுதி.

அருவியின் உயரம் சுமார் 250 அடி; இரண்டு கட்டமாக விழுகிறது. இப்பகுதியில் காப்பித் தோட்டம் போட்ட காக்பர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் மனைவி பெயரால் கேத்தரின் என்று அழைக்கப்படுகிறது. அரவேனுவிலிருந்து தேயிலைத் தோட்டங்களின் ஊடே செல்லும் வழி நம்மை அருவியின் தலைப்பகுதிக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து பார்ப்பவருக்கு நீர் விளிம்பைத் தாண்டி மறைவது தெரியுமே தவிர, விழுவது முழுமையாகத் தெரியாது. முழு அருவியையும் ஒரே பார்வையில் காண விரும்புகிறவர் குன்னூர்ப் பக்கத்து டால்பின் நோஸ் காட்சிமுனைக்குத்தான் போக வேண்டும். அது பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் இருக்கிறது. கோத்தகிரியின் அருவியைக் குன்னூரிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிறு வருத்தம் உண்டு. குன்னூர்க்காரர்கள் அதை எங்களுக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

தலைப்பகுதியில் ஓடை தட்டையான பாறைகளின் மேல் சாதுவாக ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பலர் காலணியைக் கழற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். இறங்கக் கூடாது. பாசி படிந்த பாறை அது. பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்பது நின்ற இடத்திலிருந்து தெரியாது.

2025 செப்டம்பர் 9, சற்று நேரம் கழித்து

உயிலட்டி அருவியை, அதாவது எல்க் நீர்வீழ்ச்சியை, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். விடவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். அதற்காகத் தனியாக ஒரு பயணம் வேண்டாம் என்பது என் கருத்து.

2025 செப்டம்பர் 13

கொடநாட்டைப் பற்றி விரிவாக எழுதக் கேட்டவருக்கு.

கொடநாடு என்றவுடன் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு ஒரு எஸ்டேட்டும் ஒரு வழக்கும் நினைவுக்கு வருகின்றன. காட்சிமுனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தப் பேச்சை இங்கே தொடங்க வேண்டாம்.

நீலகிரிப் பீடபூமியின் கிழக்கு ஓரம் இங்கே திடீரென்று முடிந்துவிடுகிறது. தேயிலைச் செடிகளின் வரிசை முடிந்த இடத்திலிருந்து நிலம் பல ஆயிரம் அடி கீழே போகிறது. அந்தப் பள்ளத்தில் வளைந்து செல்வது மாயாறு. முக்குருத்திப் பக்கம் உற்பத்தியாகி, வடக்கே இறங்கி, பின் கிழக்கே திரும்பி, மலையின் வடக்கு அடிவாரத்தை முழுவதும் சுற்றிக்கொண்டு வந்து பவானிசாகர் அணையில் பவானியுடன் சேர்கிறது. தெளிவான காலையில் அணையின் நீர்ப்பரப்பைக் காட்சிமுனையிலிருந்தே பார்க்கலாம். எதிர்ப்புறம் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு நீலமாகத் தெரியும். நீலகிரியும் அந்தப் பீடபூமியும் தனித்தனி நிலங்கள் என்பதையும், இரண்டையும் பிரிப்பது இந்தப் பள்ளம்தான் என்பதையும் பள்ளிப் புத்தகத்து வரைபடத்தில் படித்தபோது நான் உணர்ந்ததில்லை. இங்கே நின்றபோதுதான் உறைத்தது.

முக்கோணமாக எழுந்து நிற்கும் சிகரம் ரங்கசாமி மலை. உயரம் ஏறக்குறைய 1,785 மீட்டர். இருளர் மக்களின் புனித மலை அது. அருகே தனியாக நிமிர்ந்து நிற்கும் கல்தூணையும் ரங்கசாமி பெயராலேயே சொல்கிறார்கள். சுமார் 400 அடி உயரமுள்ள ஒற்றைப் பாறை.

அப்படியே வானத்தையும் கவனிக்க வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கு தமிழகத்தில் பாறு கழுகுகள் இன்றும் கூடு கட்டி வாழும் மிகச் சில இடங்களுள் ஒன்று. கால்நடைகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி, இறந்த மாட்டின் உடல் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுவதும் இந்தப் பறவைகளை ஏறத்தாழ அழித்துவிட்டது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அந்த மருந்துக்குத் தடை வந்தது. காட்சிமுனையில் நின்றால், வேறெங்கும் வாய்க்காத ஒரு கோணம் சில நாட்களில் அமையும்: பறக்கும் கழுகின் முதுகை மேலிருந்து பார்க்கலாம். பறக்கும் பெரிய பறவையெல்லாம் பாறு அன்று. இருநோக்கி இல்லாமல் உறுதி சொல்லாதீர்கள்.

காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை நல்ல நேரம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்று சூடாகி மேலெழுந்து, குளிர்ந்த விளிம்பைத் தொட்டவுடன் மேகமாகிவிடுகிறது. நண்பகலுக்குப் பிறகு காட்சிமுனை மூடிக்கொள்வது இதனால்தான்.

2025 செப்டம்பர் 14

முன்குறிப்பில் காலை ஏழு முதல் பத்து வரை என்று விதிபோல எழுதியிருப்பதை மீண்டும் படித்தபோது, சற்றுத் தளர்த்திச் சொல்லலாம் என்று தோன்றியது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாள் முழுவதும் தூறலாகவே இருந்து, மாலை நான்கு மணிக்குத் திடீரென்று திரை விலகுவதும் உண்டு. அப்போது கிடைக்கும் தெளிவு காலையில் கிடைப்பதைவிட அதிகம். மழை கழுவிவிட்ட காற்றல்லவா? அதேபோல் ஜனவரிக் காலைகளில் மேலே முழு வெயிலும், கீழே பள்ளத்தாக்கு நிறைய வெண்மேகமும் இருக்கும். மாயாறும் தெரியாது, அணையும் தெரியாது. எனக்கு அதுதான் கொடநாட்டின் மிகச் சிறந்த தோற்றம். என் மனைவிக்கோ, இவ்வளவு தூரம் வந்து ஆற்றைப் பார்க்கவில்லையே என்ற குறை. இருவர் சொல்வதும் சரிதான். காத்திருக்க நேரம் உள்ளவருக்கே கொடநாடு என்று சொன்னால் போதும். அரை நாள் திட்டத்தில் காத்திருப்பதற்கு இடமில்லை.

2025 செப்டம்பர் 18

இ-பாஸ், அதாவது வாகனத்தில் நீலகிரிக்கு வர இணையத்தில் பெறும் அனுமதிச்சீட்டு, பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. இந்த ஆண்டு ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள் என்ற வரம்பையும் சீசன் காலத்துக்கு நீதிமன்றம் விதித்தது: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கி.மீ.; பேருந்துகள் தாராளமாக ஓடுகின்றன. மே மாதச் சீசனில் ஊட்டிக்கு ஏறும் வாகனங்களைக் குன்னூர் வழியிலும், இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியிலும் ஒருவழியாகத் திருப்பிவிடுவதும் வழக்கம். அந்த நாட்களில் எங்கள் சாலையில் நடப்பது போக்குவரத்து அன்று, ஊர்வலம்.

மலை ரயில் எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை என்பதை ஒரு குறையாகவே என் தந்தையார் காலத்தவர்கள் பேசுவார்கள். ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போய்விட்டது. கோத்தகிரி இன்னும் சிற்றூராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

2025 செப்டம்பர் 21

லாங்வுட் சோலை. இதற்கு "அங்கே பார்க்க என்ன இருக்கிறது, மரங்கள்தானே?" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. ஆம், மரங்கள்தான்.

கோத்தகிரியிலிருந்து மூன்று கி.மீ. தொலைவில் சுமார் 116 ஹெக்டேர் பரப்பில், சுற்றிலும் தேயிலையும் குடியிருப்பும் நெருக்கிக்கொண்டிருக்க, நடுவில் எஞ்சியிருக்கும் இயற்கையான மலைக்காடு இது. 2024 ஜனவரியில் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ராம்சார் என்றதும் ஏரியையும் கொக்கையும் எதிர்பார்த்துச் சென்றவர்கள் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். இங்கே நீர் தேங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. மட்கிய இலைகளும் வேர்களும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த மாதங்களிலும் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. கீழே உள்ள பல கிராமங்களின் குடிநீர் இந்தச் சோலையிலிருந்து வருவதுதான். கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்) ஆகிய அயல்நாட்டு மரங்களை நட்டு மலையைப் பசுமையாக்கிவிட்டதாகப் பெருமை பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்த மரங்கள் நிற்கும் சரிவின் ஓடையையும் சோலையிலிருந்து வரும் ஓடையையும் மார்ச் மாதத்தில் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

உள்ளே நுழைந்தவுடன் வெளிச்சம் குறைந்து, குளிர் ஒரு படி கூடும். மரங்கள் உயரமாக இல்லை. குட்டையாக, முறுக்கேறி, உடலெங்கும் பாசியுடன் நிற்கும். மரம்போல வளர்ந்த பெரணிகள் ஓடைக்கரையில் இருக்கும். நீலகிரிச் சிரிப்பான் குருவிகள் புதருக்குள்ளிருந்து கூட்டமாகக் குரல் கொடுக்கும், ஆளைக் காட்டாது. காட்டெருமை ஆளைக் காட்டும், குரல் கொடுக்காது. இரண்டாவதைப் பற்றித்தான் கவனம் தேவை. மழைக்காலத்தில் அட்டைகள் உண்டு. உப்பும் நீண்ட காலுறையும் கொண்டு செல்லுங்கள்.

சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாத குழுவினர் இந்த இடத்தை விட்டுவிடலாம்.

2025 அக்டோபர் 2

கரடி உண்மையா என்று கேட்கிறீர்கள். உண்மை. கோத்தகிரியைச் சுற்றிய குடியிருப்புகளில் இரவில் கரடி நடமாடுவது புதிய செய்தி அன்று. கோயில் விளக்கெண்ணெய், கடையில் உள்ள வெல்லம், வீசியெறிந்த தின்பண்டம் ஆகியவற்றுக்காகக் கதவை உடைத்தும் வருகிறது. அதற்கு இ-பாஸ் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தேயிலைத் தோட்டப் பாதையில் உலாவப் போகும் பழக்கத்தைச் சமவெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தங்கும் விடுதியின் பின்புறம் உணவுக் கழிவைக் கொட்டினால், அது உங்களுக்குப் பின் அந்த அறைக்கு வருகிறவருக்குச் செய்யும் தீங்கு.

2025 அக்டோபர் 5

"ரங்கசாமி மலை ஏறலாமா? கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களுக்கு வழி சொல்லுங்கள்" என்று இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். தெரிந்த வழியைச் சொல்ல எனக்கு மனம் இல்லை, காரணம் சொல்கிறேன்.

கீழ்க்கோத்தகிரியைத் தாண்டி உள்ள கரிக்கையூர் அருகே, பொறிவரை என்னும் பாறைச் சரிவில் பழங்கால மக்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. நீலகிரியில் இதைவிடப் பெரிய ஓவியத் தொகுதி கிடையாது. அவற்றில் ஒரு பகுதி, அனுமதியின்றி வந்தவர்கள் தம் பெயர்களையும் அம்பு துளைத்த இதயங்களையும் கிறுக்கியதால் அழிந்துவிட்டது. பல ஆயிரம் ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் தாங்கிய சிவப்பு வண்ணம், ஒரு விடுமுறைக் கூட்டத்துக்குத் தாங்கவில்லை.

முறையான வழி இப்போது இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் கரிக்கையூரிலிருந்து பொறிவரைக்கும், ரங்கசாமி சிகரத்துக்கும் பாதைகள் உள்ளன. லாங்வுட் சோலைக்கும் ஒன்று உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் போகலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி இறந்த பிறகுதான் மாநிலத்தில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. தீப்பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். பிப்ரவரிக்குப் பிறகு போக எண்ணுபவர்கள் முதலில் அதை விசாரித்துக்கொள்ளவும்.

கட்டணம் அதிகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதிகம்தான். மாணவர்களுக்குக் குறைத்தால் நல்லது என்பதே என் எண்ணமும். ஆனால் கட்டணம் அதிகம் என்பது வேலியைத் தாண்டிப் போவதற்கு நியாயமாகாது.

2025 அக்டோபர் 6

தெங்குமரஹாடாவுக்கும் இதே பதில்தான். கொடநாட்டிலிருந்து கீழே பார்த்தால் மாயாற்றங்கரையில் வயல்களோடு தெரியும் அந்தக் கிராமம், நிர்வாகத்தில் கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் சாலை வழியில் போக, மலையை முழுவதும் இறங்கி, பவானிசாகர் போய், காட்டு வழியே சென்று, கடைசியில் ஆற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். புலிகள் நடமாடும் காடு என்பதால் வெளியாட்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஊர்மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் ஏற்பாடு நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அந்த மக்கள் தம் வீட்டையும் வயலையும் பற்றிய கவலையில் இருக்கும்போது, காணொளி எடுக்க ஒரு கூட்டம் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலிருந்து பாருங்கள்.

2025 அக்டோபர் 19

கன்னேரிமுக்கிலுள்ள ஜான் சல்லிவன் நினைவகத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார்கள். கோவை ஆட்சியராக இருந்த சல்லிவன் 1819இல் சிறுமுகைப் பக்கமிருந்து ஏறி வந்து முதலில் தங்கியது கோத்தகிரி வட்டாரத்தில்தான்; ஊட்டி அதற்குப் பிறகு. மழை விடாமல் பெய்து காட்சிமுனை மூடிக் கிடக்கும் நாளில் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் பயனுள்ளதாகக் கழியும். டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் பேரகணியில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் திருவிழா நாளையும் விசாரித்துக்கொள்ளலாம்; வெள்ளுடை உடுத்தி ஊர் ஊராக மக்கள் நடந்து வரும் காட்சி அது. வழிபாடு என்பதை மறவாமல் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும்.

2025 நவம்பர் 1

கேள்வி கேட்ட திருப்பூர் வாசகர் திட்டத்தை மாற்றிவிட்டாராம். ஊட்டியில் ஒரு நாளைக் குறைத்துக் கோத்தகிரியில் இரவு தங்குகிறார். எழுபது வயதுத் தாயாரும் உடன் வருகிறாராம். எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்கிறார்.

தாயாருடன் என்றால் விடியற்காலையில் கொடநாட்டுக்குப் புறப்படுங்கள். கிழக்கு விளிம்பில் காற்று கடுமையாக வீசும். காதை மூடத் துணி வேண்டும். தேநீரைக் குடுவையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பாட்டில்கள் மாவட்டத்தில் தடை செய்யப்பட்டவை, சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். காலை உணவுக்குத் திரும்பி வந்து, தாயார் ஓய்வெடுக்கும் நேரத்தில் மற்றவர்கள் அனுமதி பெற்று லாங்வுட் போகலாம். கேத்தரின் அருவி இறங்கும் வழியில் இருப்பதால் அதைக் கடைசியாக வையுங்கள். இந்த மாதம் நீர் நிச்சயம் இருக்கும். பலத்த மழை எச்சரிக்கை வந்தால் மட்டும் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2009ஐப் பார்த்தவன் சொல்கிறேன்.

அருவியிலிருந்து மூன்று மணிக்குள் புறப்பட்டுவிட வேண்டும். கீழே குஞ்சப்பனைப் பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கின்றன. பலாப்பழக் காலத்தில் அவை நாள்கணக்கில் அங்கேயே நிற்கும்; இப்போது பழம் இல்லை என்றாலும் அந்தி நேரத்தில் நம்ப முடியாது. எதிரே வண்டிகள் நின்றிருந்தால் ஒலிப்பான் அடிக்காமல் நீங்களும் பின்னால் நின்றுவிடுங்கள்.